குட்டைச் செடியில் ரோஸ் நிறத் தக்காளி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் மனசு லேசானது. மகளுக்குப் புது வேலை பிடித்துப்போனதும் நல்ல சேதி. இங்கே எல்லாரும் நலம். சரி, கடைசி வரியில் கேட்டிருந்தாயே, "உன் தக்காளிக் கலப்பு என்ன ஆச்சு?" என்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் தேடிய செடி கிடைத்துவிட்டது. இடுப்பளவுகூட வளராத குட்டைச் செடி, அதில் ரோஸ் நிறப் பழம், வாயில் போட்டால் தாய்ச் செடியின் ருசி பெருமளவு இருக்கிறது. இன்னும் நிலைப்படவில்லை, ஆனால் வந்துவிட்டது.

தாய் எது என்று உனக்குத் தெரியும். உருளைக்கிழங்குச் செடிபோல ஓரம் வெட்டுப்படாத அகன்ற இலை, ஆளை மிஞ்சிய உயரம், பெரிய ரோஸ் நிறப் பழம். ருசிக்காகவே அதை விடாமல் வளர்த்தேன், ஆனால் குச்சி கட்டியே கை ஓய்ந்துவிடும். தந்தை ஒரு குட்டை ரகம். மஞ்சள் பழம், வழக்கமான வெட்டுப்பட்ட இலை, தொட்டியிலேயே நிமிர்ந்து நிற்கும் தடித்த தண்டு. இந்த இரண்டையும் சேர்க்க ஆசைப்பட்டேன்.

நீயும் செய்யப்போகிறாய் என்பதால் சேர்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தப்பைகள் ஒட்டிக் கூம்பாகிச் சூல்முடியை மூடிக்கொண்டிருக்கும். பூ விரிந்துவிட்டால் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுவிடும். அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இதழ் வெளிர்மஞ்சளாகியிருக்கும், ஆனால் வாய் திறந்திருக்காது. சன்ன முனைச் சாமணத்தால் கூம்பின் ஒரு பக்கத்தைக் கீறி, மகரந்தப்பைகளை மெல்ல உரித்து எடுத்தால், நடுவில் நூலிழைபோல வெளிர்பச்சைத் தண்டு ஒன்று தனியாக நிற்கும். அதன் நுனியில் சின்ன உருண்டை. அந்த உருண்டையில்தான் தந்தையின் மகரந்தம் ஒட்ட வேண்டும். நன்றாக விரிந்த தந்தைப் பூவின் கூம்புக்குக் கீழே கறுப்பு மூடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பேட்டரி டூத் பிரஷ்ஷின் முதுகைக் காம்பில் வைத்தால், அதிர்வில் மகரந்தம் மாவாக உதிரும். வண்டுத்தேனீக்கள் ரீங்கரித்து உதிர்ப்பதும் இதே அதிர்வால்தான். உதிர்ந்த தூளில் சூல்முடியைத் தொட்டு எடுத்தால் வேலை முடிந்தது.

நூல் கட்டி அடையாளம் வைப்பாய், சரி. அதோடு அந்தப் பூவின் புல்லியிதழ்களில் பாதியைக் கத்தரித்துவிடு. நூல் அறுந்தாலும், பழுத்த பிறகு வெட்டுப்பட்ட புல்லி காட்டிக்கொடுக்கும். கடும் வெயில் நாட்களில் இதற்கு இறங்காதே. 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வீரியம் இழக்கும், பூவும் உதிரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனி. உருளைக்கிழங்கு இலை ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அதனால்தான் அந்தச் செடியைத் தாயாக வைத்தேன். அந்தப் பழத்தின் விதையில் முளைத்த நாற்று வெட்டுப்பட்ட இலை விட்டால், தந்தையின் மகரந்தம் ஏறியிருக்கிறது. தாயின் இலையே வந்தால் பூ தன்னைத்தானே சேர்த்துக்கொண்டது என்று பிடுங்கிவிடலாம். நாலாவது இலை வருவதற்குள் பதில் தெரிந்துவிடும். பழம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே அச்சு. உயரமாக வளர்ந்தன, பழம் நல்ல சிவப்பு. தாய் ரோஸ், தந்தை மஞ்சள், பிள்ளை சிவப்பு! தெரிந்திருந்தும் முதல் பழம் சிவந்தபோது அப்படி ஒரு சந்தோஷம். ரோஸ் தக்காளிக்குள்ளும் சதை சிவப்புதான், மேல்தோல்தான் நிறமில்லாதது. மஞ்சள் தக்காளிக்குத் தோல் மஞ்சள், சதையும் மஞ்சள். பிள்ளை தாயிடமிருந்து சிவப்புச் சதையையும் தந்தையிடமிருந்து மஞ்சள் தோலையும் வாங்கிக்கொண்டது. இரண்டும் ஓங்கு பண்புகள், ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும், சேர்ந்தால் சிவப்பு. ஒரு பழத்தின் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார், கண்ணாடித்தாள்போல இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்று உடனே தெரியும்.

பழத்தின் அளவோ தாய்க்கும் தந்தைக்கும் சரி நடுவில் நிற்காது. சின்னப் பழத்தின் பக்கமே சாயும். நீ பெரிய பழம் வேண்டுமென்றால் செர்ரி தக்காளியைப் பக்கத்திலேயே சேர்க்காதே.

"வீரிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுக்காதே, ஒன்றுபோல ஒன்று வராது" என்று எல்லாரும் எச்சரிப்பார்கள். நமக்கு வேண்டியதே அந்தக் கலைதல்தானே! முதல் தலைமுறைப் பழத்தின் விதையைப் போட்டால் ஒளிந்திருந்த பண்புகள் எல்லாம் வெளியே வரும். நாலில் ஒன்று குட்டை. பதினாறில் ஒன்பது சிவப்பு, மூன்று ரோஸ், மூன்று மஞ்சள், ஒன்று வெளிர்மஞ்சள். குட்டையும் ரோஸும் ஒரே செடியில் சேர 64-க்கு மூன்றுதான் வாய்ப்பு. அத்தனை செடிக்கு எனக்கு ஏது இடம் என்று நீ கேட்பாய்.

இடம் வேண்டாம். குட்டைத்தனம் நாற்றிலேயே தெரிந்துவிடும். தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருங்கி, தட்டில் மற்றவற்றுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். அறுபது நாற்று முளைத்தால் சுமார் 15 குட்டை. மற்றதைக் கொடுத்துவிடு. அந்தப் பதினைந்தில் ஒன்றாவது ரோஸாக இருக்க 95 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. பதினைந்து குட்டைச் செடிகளுக்கு ஒரு சின்ன மொட்டைமாடி போதும். வீட்டுத் தோட்டத்தில் புது ரகம் உருவாக்க முடியுமா என்று நீ சந்தேகப்பட்டாயே, முடியும். நாற்றிலேயே கண்ணுக்குத் தெரியும் பண்பு ஒன்றை உன் இலக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

ருசியை மட்டும் நாற்றில் பார்க்க முடியாது, நாக்குதான் சொல்ல வேண்டும். வணிக ரகங்களில் காம்புப் பக்கத்துப் பச்சைத் தோள் இல்லாமல் பழம் ஒரே சீராகச் சிவக்கும்படி பல காலம் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிச் சீராகச் சிவக்கும் பழத்தில், காய்ப் பருவத்தில் பச்சையத்தைப் பெருக்கும் மரபணு செயலிழந்திருக்கிறது, அதனால் சர்க்கரையும் குறைகிறது என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. பார்வைக்குத் தேர்ந்தெடுத்ததில் ருசி போயிருக்கிறது. நாம் லாரியில் ஏற்றப்போவதில்லை, தோள் பச்சையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கிடைத்த ரோஸ் குட்டைகளில் ஒன்று மாவு மாவாக இருந்தது, அதைக் கழித்துவிட்டேன். இன்னொன்றில்தான் அந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வந்தது.

அப்புறம், குட்டைத் தக்காளித் திட்டம் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பாய். அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரினா நஸ்கே ஸ்மாலும் தொடங்கியது. ஒரு நாட்டில் கோடை என்றால் மற்றதில் குளிர்காலம், அதனால் விதையை மாற்றி மாற்றி அனுப்பி ஒரே வருடத்தில் இரண்டு தலைமுறை எடுத்தார்கள். வீட்டுத் தோட்டக்காரர்களே சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட குட்டை ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து உன் நினைவுதான் எனக்கு.

இந்தக் கடிதத்தோடு மூன்றாம் தலைமுறை விதை வைத்திருக்கிறேன். பாதி உனக்கு, பாதி எனக்கு. குட்டைத்தனம் இனி மாறாது, ஒடுங்கு பண்பு இரட்டையாக வந்துவிட்டால் அதோடு நிலைத்துவிடும். நிறமில்லாத் தோலும் அப்படியே. சதை நிறம் அப்படி இல்லை, மஞ்சள் உள்ளே ஒளிந்திருக்கலாம். உன் செடிகளில் ஒன்றிரண்டு வெளிர்மஞ்சளாகக் காய்த்தால் விதை மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே, எனக்கு எழுது. எல்லாமே ரோஸாக வந்தால் அதையும் எழுது, அது இன்னும் நல்ல சேதி. ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதி பாதியாகக் குறைந்து, எட்டாவதில் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அதுவரை பிடித்த செடியிலிருந்து மட்டும் விதை எடுத்தபடி போக வேண்டியதுதான்.

விதைக்கான பூங்கொத்தை விரிவதற்கு முன்னாலேயே மெல்லிய வலைப்பையால் மூடிவிடு. விதையைச் சதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போனதும் கழுவி நிழலில் காயவை. ஒவ்வொரு செடிக்கும் தனித்தனிப் பொட்டலம், மேலே எண். பழத்தை ருசிக்கும்போது வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொள், நீ எழுதியதை அவருக்குக் காட்டாதே, இரண்டு குறிப்பையும் அனுப்பு. பெயரை நீயே யோசித்து வை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்