கோரிக்கை மனு: முன்கூட்டியே சொல்லாமல், இரவில் வந்து ஆய்வு செய்ய வேண்டி

அனுப்புநர்:
உப்பனாற்றங்கரை ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
சிப்காட் அருகில், கடலூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: எங்கள் ஊரை ஒட்டிய ரசாயனத் தொழிற்சாலையில், நிர்வாகத்துக்கு முன்தகவல் தராமல், நாற்றம் வரும் இரவு நேரத்திலேயே ஆய்வு நடத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் உரிய துறைக்கு ஏற்கெனவே அனுப்பிய மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். எங்கள் ஊர் தாங்கள் அறியாததல்ல. முதுநகர் தாண்டி சிதம்பரம் சாலையில் போகும்போது எந்த இடத்தில் டிரைவர் தானாகவே கார் கண்ணாடியை ஏற்றிவிடுவாரோ, அந்த இடம்தான். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. முந்தைய மனுக்களில் எழுதியிருக்கிறோம், அவை எங்கே கிடக்கின்றனவோ அங்கே அந்தப் பெயரும் கிடக்கும்.

மனு கொடுத்தோம், நினைவூட்டல் கொடுத்தோம், நேரில் போய் நின்றோம். ஆய்வுக்கு யாருமே வரவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை, வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரத்தான் இந்த மனு.

1. நாற்றம் பகலில் வருவதில்லை. நள்ளிரவு தாண்டி வரும், விடிவதற்குள் போய்விடும்.

2. ஆய்வோ பகலில்தான் நடக்கிறது. காலை பதினோரு மணி வாக்கில் ஜீப் வரும், ஆனால் கம்பெனிக்கு முதல் நாளே விஷயம் தெரிந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தி வைத்துத் தரை கழுவச் சொல்வார்கள், அன்று ராத்திரி வாடையே இருக்காது, எங்கள் தெருப் பிள்ளைகளே "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் போலிருக்கு" என்று சொல்லிவிடும். மறுநாள் வாசலில் பெயர் எழுத வைப்பார்கள், மேனேஜர் வரட்டும் என்று உட்கார வைப்பார்கள், தலைக்கவசம் கொடுப்பார்கள், காப்பி கொடுப்பார்கள். அதற்குள் பின்பக்க கேட் வழியாக டேங்கர் லாரி வெளியே போவதை அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் "குறிப்பிடும்படி எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். உண்மைதான், அந்த நேரத்தில் எதுவும் இருக்காது.

3. அய்யா, நாங்கள் தூங்குவதில்லை. கிணற்றுத் தண்ணீர், ஆற்றில் செத்து மிதக்கும் மீன் இதையெல்லாம் இந்த மனுவில் எழுதப்போவதில்லை, தூக்கத்தை மட்டும் எழுதுகிறேன். ஒரு நாள் அழுகின முட்டைக்கோஸ் வாடை, இன்னொரு நாள் நகப்பூச்சு வாடை, சில நாள் என்னவென்றே சொல்ல முடியாத ஒரு தித்திப்பு வாடை, அந்தத் தித்திப்புக்குத்தான் தலை பிளக்கும். முதலில் கைக்குழந்தைகள் விழித்துக்கொள்ளும். ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் அடுத்த வீட்டில் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க விளக்கு. எழுந்து ஜன்னலைச் சாத்த வேண்டும், கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணிக்க வேண்டும். கத்திரி வெயில் காலத்தில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில், ஐந்தாறு பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் எப்படி இருக்கும்? கரண்ட்டும் போய்விட்டால் ஜன்னலைத் திறந்தாலும் இருக்க முடியாது, சாத்தினாலும் இருக்க முடியாது.

முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகளை எத்தனையோ ஆசிரியர்கள் எழுப்பி வெளியே நிறுத்துவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருந்தால் நான் எழுப்பமாட்டேன், எனக்குத் தெரியும். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் மருமகள்கள் குழந்தை நடக்க ஆரம்பிக்கும்வரை திரும்பி வருவதில்லை, "ராத்திரியில அங்க குழந்தைய எப்படி அத்தை வெச்சிக்கறது" என்று கேட்டால் மாமியார் என்ன சொல்வாள்? மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களை ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறோம். ஊர் எல்லை தாண்டிக் காற்று மாறியதும் பாதிப் பேருக்கு மூச்சு ஓரளவு சரியாகிவிடும், டாக்டரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. "இப்ப நல்லாத்தானே இருக்காங்க" என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பி எங்கே வருவோம்? அதே தெருவுக்குத்தான்.

ராத்திரியில் ஏன் அதிகம் என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதற்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும், கீழே விட்ட வாயு மேலே ஏற முடியாமல் தரையோடு படிந்து நகரும். இதைத் தெரிந்துகொண்டேதான் ராத்திரியில் விடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் பார்க்க ஆளில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

4. அடுத்து நான் எழுதுவது மனுவுக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றலாம், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். வளைகுடாப் போர் முடிந்ததும் 1991 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு சபை 687ஆம் தீர்மானம் போட்டு, ஈராக்கின் ரசாயன, உயிரியல், அணு ஆயுதங்களைச் சோதிக்க ஆய்வாளர்களை அனுப்பியது. அந்த ஜூன் மாதம் ஃபலூஜா அருகே ஒரு ராணுவ வளாகத்துக்குப் போன ஆய்வாளர்களை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்த சாமான்களை வேறு வழியாக லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். ஆய்வாளர்கள் துரத்திப்போய்ப் போட்டோ எடுத்தார்கள், ஈராக் படையினர் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். பின்பக்க கேட், லாரி. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது அய்யா, நம் ஊர்க் கதையை அப்படியே பாக்தாத் பக்கம் வைத்து எழுதினதுபோல் இருந்தது. செப்டம்பரில் அணு ஆயுத ஆவணங்களைக் கைப்பற்றிய குழுவைப் பாக்தாத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நான்கு நாள் நகரவிடாமல் வைத்தார்கள். பாதுகாப்பு சபை கண்டித்தது, எச்சரித்தது, கடைசியில் ஆவணங்களோடு விட்டார்கள். 1992 ஜூலையில் விவசாய அமைச்சகக் கட்டடத்துக்குள் விடமாட்டோம் என்றார்கள். ஆய்வாளர்கள் வெளியே வெயிலில் வாரக்கணக்கில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவழியாகப் பேசி முடித்து உள்ளே போனபோது ஒன்றும் இல்லை. இத்தனை நாள் கொடுத்தால் என்ன இருக்கும்?

சிரியாவில் 2018 ஏப்ரல் 7ஆம் தேதி டூமா நகரில் விஷவாயுத் தாக்குதல் நடந்ததாகச் செய்தி வந்தது. ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் குழு ஒரு வாரத்தில் டமாஸ்கஸ் வந்து சேர்ந்துவிட்டது, பக்கத்து ஊரான டூமாவுக்குள் போனது 21ஆம் தேதிதான். பாதுகாப்புக் காரணம் சொன்னார்கள். தாமதம் ஆக ஆகத் தடயம் போய்விடும் என்று உலக நாடுகள் கத்தின. குளோரின் மாதிரி வாயு காத்திருந்து சாட்சி சொல்லுமா? அங்கே சிலிண்டர், சுவர், மண் என்று தடவி எடுக்க ஏதாவது இருந்தது, குளோரின் பயன்படுத்தப்பட்டதாகக் கருத நியாயமான காரணம் உண்டு என்று மறுவருடம் அறிக்கை கொடுக்க முடிந்தது. எங்கள் தெருவில் மறுநாள் காலை பதினோரு மணிக்கு எதைத் தடவி எடுப்பார்கள்?

2020இல், அணுசக்தி வேலை நடந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட இரண்டு இடங்களை ஆய்வாளர்களுக்குக் காட்ட ஈரான் மறுத்தது. ஜூனில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு கண்டித்துத் தீர்மானம் போட்டது, ஆகஸ்டில் ஈரான் அனுமதிக்க ஒப்புக்கொண்டது. ஒரு தேசத்துக்கே நெருக்கடி கொடுத்துக் கதவைத் திறக்க வைக்க முடிகிறது. சிப்காட்டில் ஒரு கேட்டைத் திறக்க வைக்க நாங்கள் எந்த சபைக்குப் போவது? எங்களுக்கு ஐ.நா.வும் தாங்கள்தான், பாதுகாப்பு சபையும் தாங்கள்தான்.

ரசாயன ஆயுத ஒப்பந்தத்தில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது, 2000ஆம் ஆண்டு அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். மேலே சொன்ன தடை அமைப்பு இருக்கும் ஹேக் நகரத்திலிருந்து வெளிநாட்டு ஆய்வாளர்கள் நம் நாட்டு ரசாயன ஆலைகளுக்கு வந்து பார்த்துப் போகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு நாட்டின் மேல் சந்தேகம் வந்தால் வேறொரு உறுப்பு நாடு அவசர ஆய்வு கேட்கலாம், குழு வந்து இறங்குவதற்கு 12 மணி நேரம் முன்னால் சொன்னால் போதும், வராதே என்று சொல்ல முடியாது. (இதுவரை யாரும் அதைக் கேட்டதே இல்லையாம். சட்டம் போட்டு அலமாரியில் வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது.) ஒரு தேசத்துக்கே 12 மணி நேரம்தான். தங்கள் அலுவலகம் இருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே இருப்பது சில கிலோமீட்டர், அதற்கு ஒரு நாள் முன்னறிவிப்பா?

5. அதிகாரம் இல்லை என்ற பதில் வேண்டாம். 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, அதிகாரம் பெற்ற அலுவலர் நியாயமான எந்த நேரத்திலும் உள்ளே நுழையலாம் என்கிறது, வேண்டுமென்றே தடுத்தாலும் தாமதப்படுத்தினாலும் தவறு என்றும் சொல்கிறது. நாற்றம் ராத்திரி இரண்டு மணிக்கு வரும்போது ராத்திரி இரண்டு மணிதான் நியாயமான நேரம். வாசலில் அரைமணி நேரம் காப்பி கொடுப்பதும் தாமதப்படுத்துவதுதான்.

6. கம்பெனியை மூடச் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மனு கொடுத்த உடனே "வேலை போகும்" என்று எங்கள் பையன்களிடமே சொல்லிவைக்கிறார்கள். ஈராக் மேல் போட்ட பொருளாதாரத் தடையில் அவதிப்பட்டது சதாம் உசேன் இல்லை, மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தவித்த சாதாரண ஜனங்கள். அந்த மாதிரி நெருக்கடி எங்களுக்கு வேண்டாம், ஒப்பந்தக் கூலியில் எங்கள் பிள்ளைகள்தான் உள்ளே நிற்கிறார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். 2002 நவம்பரில் பாதுகாப்பு சபையின் 15 உறுப்பினர்களும் 1441ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினார்கள், ஆய்வாளர்கள் ஈராக்குக்குத் திரும்பப் போனார்கள், அவர்கள் இன்னும் அவகாசம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே 2003 மார்ச்சில் அமெரிக்கா போரைத் தொடங்கிவிட்டது, பிறகு தேடினால் சொன்ன ஆயுதக் குவியல் அங்கே இல்லை. வருடக்கணக்கில் வாசலை மறித்தவன் பேச்சை, அவன் உண்மை சொன்னபோதும் யாரும் நம்பவில்லை. ஆய்வை முடிக்கவிடாமல் அவசரப்பட்டவர்கள் செய்ததும் நியாயமில்லை. இந்தக் கம்பெனியிடமும் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். அப்படியென்றால் ராத்திரியில் கதவைத் திறப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? நன்மைதானே?

7. கேட்பது இவ்வளவுதான். சொல்லாமல் வாருங்கள். இரவில் வாருங்கள். எங்கள் தெருவில் வைத்து முதலில் காற்று மாதிரி எடுங்கள், அப்புறம் கேட்டுக்குப் போங்கள், பின்பக்க கேட்டில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து இரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். மாதிரி எடுக்கக் கருவி இல்லை, ஆள் இல்லை என்றால் நாங்கள் எடுத்துத் தருகிறோம். 2004லேயே இந்தச் சிப்காட் ஊர் மக்கள் பிளாஸ்டிக் வாளியை வைத்துக் காற்றுப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள்தான்.

8. ராத்திரியில் கூப்பிட ஒரு போன் நம்பர். எடுக்கிற நம்பர்.

9. இந்த மனுவைத் தயவுசெய்து "உரிய நடவடிக்கைக்காக" என்று முத்திரை குத்திக் கீழே அனுப்பிவிடாதீர்கள் அய்யா. கீழே போனால் அது யாரிடம் போகும் என்று எங்களுக்குத் தெரியும், அங்கிருந்து கம்பெனிக்கு எப்போது தகவல் போகும் என்றும் தெரியும். அவர்கள் தரை கழுவினால் நாங்கள் புரிந்துகொள்வோம். தாங்களே நேரில் வரவேண்டும், அல்லது தங்கள் நேரடிப் பொறுப்பில் ஒருவரை அனுப்பவேண்டும். பகலில் வேண்டாம். சொல்லிவிட்டு வேண்டாம். தூக்கம்தான் கேட்கிறோம், வேறென்ன கேட்டோம்?

எந்தெந்த இரவு, எத்தனை மணிக்கு, என்ன வாடை என்று ஊர்ப் பெண்கள் காலண்டரில் குறித்து வைத்ததன் நகலை இணைத்திருக்கிறேன். வட்டம் போட்டிருப்பவை ஆய்வு நடந்த நாட்கள். அவற்றுக்கு முந்தைய கட்டங்களில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்காது, கவனிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உப்பனாற்றங்கரை ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)