தினசரி ஊக்கச் செயலிகளை வடிவமைப்போருக்கு, மண்டபம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழில் தினசரி ஊக்கத்துக்கும் சுயமுன்னேற்றத்துக்குமான கைப்பேசிச் செயலிகளை வடிவமைத்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் மீனவர் குடியிருப்பு ஒன்றில் மாலை நேரப் படிப்பகம் நடத்திவருகிறேன். படிக்க வரும் பிள்ளைகளின் கைப்பேசியிலும், அவர்களை அழைத்துப்போக வரும் தாய்மாரின் கைப்பேசியிலும், படிப்பை விட்டுப் படகுக்குப் போய்விட்ட பழைய மாணவர்களின் கைப்பேசியிலும் உங்கள் செயலிகள் இருக்கின்றன. அதிகாலையில் எழ, தினமும் நாலு பக்கம் படிக்க, குடியை விட, நாளுக்கு ஐம்பது ரூபாயாவது சேர்க்க என்று அவரவருக்கு ஒரு காரணம். அந்த ஆசை உண்மையானது. அதை நம்பித்தான் எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: ஒரு நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எந்த நாள் கணக்கில் வராது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் பயன்படுத்துபவர் கையில் கொடுங்கள்.

இந்தக் கரையில் கிழமைகளுக்கு வேறு கணக்கு உண்டு. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நான்கு நாள் என்பது நெடுநாளைய ஏற்பாடு. காற்று வலுத்தால் மீன்வளத் துறை கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் தராது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால் எல்லாக் கணக்கும் தள்ளிப்போகும். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாறும் நீர்வற்றத்தைப் பார்த்துப் புறப்படுகிறார்கள். கடிகாரம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். காலை ஆறு மணிக்கு உங்கள் செயலி 'எழுந்திரு, வெற்றி உனக்காகக் காத்திருக்கிறது' என்று அவர்களை அழைக்கும்போது, அவர்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்கள். அறுபதை நெருங்கும் ஒரு பெண்ணை 'எழுந்திரு' என்று ஒருமையில் விரட்டும் துணிவு எங்கள் ஊரில் கடன் கொடுத்தவருக்குக்கூட வராது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அனுபவம் இந்தச் சிக்கலை முழுதாகக் காட்டும். அவள் வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்று. படகு போகும் நாளில் அது அப்பாவோடு, பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு, கடலுக்குப் போய்விடும். மறுநாள் படகு கரைக்கு வந்தால்தான் போனும் வரும். அவள் 'தினமும் நான்கு பக்கம் ஆங்கிலம்' என்ற இலக்கைச் செயலியில் வைத்திருந்தாள். போன் இல்லாத இரவுகளில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, படித்த பக்க எண்களை எழுதி, கீழே கோடு கிழித்துக்கொள்வாள். போன் திரும்பியதும் திறந்தால், விடாமல் செய்த நாட்களைக் காட்டும் தீச்சுடர் படம் சாம்பல் நிறமாகியிருக்கும்; அதன் கீழ் 'உங்கள் தொடர் முறிந்தது, முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்' என்றிருக்கும். முந்தைய நாளுக்குச் சென்று பதிவுசெய்ய வழி இல்லை. படித்தவளைப் படிக்காதவள் என்று சொல்லும் கணக்கு எப்படி ஊக்கமாகும்? வாரத்துக்கு மூன்று முறை தோற்றவளாக்கப்பட்ட அந்தப் பெண் கடைசியில் செயலியை நீக்கிவிட்டாள். நோட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தொடர் நாள் கணக்குக்கு அறிவியல் ஆதாரம் இருப்பதாக உங்களில் சிலர் எண்ணக்கூடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்கான காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணித்தது. அதே ஆய்வு சொன்ன இன்னொன்று உங்கள் திரைகளில் இடம்பெறுவதே இல்லை: இடையில் ஒரு முறை தவறவிட்டதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை. அப்படியிருக்க ஒரு நாள் தவறினால் எண்ணிக்கையைப் பூச்சியமாக்குவது யாருடைய நன்மைக்கு? ஒருவர் தினமும் செயலியைத் திறக்கிறாரா என்பது உங்கள் முதலீட்டாளருக்கு வேண்டிய கணக்கு. அவர் படித்தாரா, குடிக்காமல் இருந்தாரா என்பது அவருக்கு வேண்டிய கணக்கு.

செய்யக்கூடிய மாற்றங்கள் கடினமானவை அல்ல. தொடர்ச்சியை எண்ணுவதை விட்டு, இதுவரை மொத்தம் எத்தனை முறை என்று எண்ணலாம். அது ஒருபோதும் குறையாது. போன நாட்களைப் பின்னர் பதிவுசெய்ய அனுமதிக்கலாம். ஏமாற்றுவார்கள் என்ற அச்சம் வேண்டாம், தன்னையே ஏமாற்ற யாரும் செயலி தேடிப்போவதில்லை. மணியைக் கேட்காமல் நிகழ்வைக் கேட்கலாம். 'இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்பவர்கள் வெறும் உறுதியோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். 'படகு கரை சேர்ந்து, மீனை எடைபோட்டுக் கொடுத்து, பங்கு கைக்கு வந்ததும், வீட்டுக்குப் போகும் முன் ஐம்பது ரூபாயைத் தனியே வைப்பேன்' என்று ஒருவர் தன் வாயால் சொல்லிப் பதிவுசெய்ய இடம் இருந்தால், உங்கள் ஆயிரம் பொன்மொழிகளைவிட அது அவருக்கு உதவும். ஒரே போனில் அப்பா, மகள், தம்பி மூவருக்கும் தனித்தனிப் பக்கமும் தனித்தனி ரகசிய எண்ணும் இருக்கட்டும். மகள் எழுதிய மனக்குறிப்பைத் தம்பி படித்துவிடுவான் என்றால் அவள் உண்மையை எழுதமாட்டாள்.

கரையை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் சிக்னல் போய்விடும். ஆகவே குறிப்புகள் முதலில் கைப்பேசியிலேயே சேமிக்கப்பட வேண்டும். நினைவூட்டல்களையும் சர்வரிலிருந்து அனுப்பாமல் கைப்பேசிக்குள்ளேயே நேரம் குறித்து வைக்க வேண்டும். இணையம் கிடைக்கும்போது ஒத்திசைவு நடக்கட்டும். எழுத்தைவிடக் குரல் இங்கு எளிது. ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் நொடிக்கு 24 கிலோபிட் அளவில் பதிந்தால் ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ 180 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் மீனவர்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசிவருகிறது. கரையோர மக்கள் எந்தக் குரலைக் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்பதை அங்கே போய் அறியலாம். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுவதையும் திருத்திவிடுங்கள்.

பொன்மொழிகளைப் பற்றி இந்த ஊர்க்காரியாக ஒரு வருத்தம் உண்டு. 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் படத்தைப் போட்டு, அவர் எங்கே எப்போது சொன்னார் என்ற குறிப்பே இல்லாத வாசகங்களை நாள்தோறும் அனுப்புகிறீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுக்க உறவினர் சம்சுதீனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. சிறுவன் கலாம் அதைச் செய்து தன் முதல் சம்பாத்தியத்தைப் பெற்றான். சென்னையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜோஹரா தன் நகையை அடகுவைத்தார். அவரை நகர்த்தியவை செய்யத்தக்க ஒரு வேலையும், பக்கத்தில் நின்ற ஓர் ஆளும். முகம் தெரியாத ஆயிரம் பேரோடு ஒப்பிடும் தரவரிசைப் பட்டியலை எடுத்துவிட்டு, அத்தையோ அண்ணனோ தான் நம்பும் ஒருவருக்கு மட்டும் தன் முன்னேற்றத்தைக் காட்டும் வசதியை வையுங்கள்.

இனி, பேசாமல் இருக்க வேண்டிய நேரம். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப்போன வீட்டில், மறுநாள் காலை 'இன்றைய நாளைப் புன்னகையோடு தொடங்குங்கள்' என்ற அறிவிப்பு வந்தால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள்? 'சில நாள் என்னிடம் பேசாதே' என்று ஒரு பொத்தான் முதல் திரையிலேயே வேண்டும். அதை அழுத்தியவரிடம் காரணம் கேட்கக் கூடாது. மனச்சோர்வும் மனநோயும் ஊக்கமொழியால் தீர்பவை அல்ல. மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த ஏர்வாடிக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பற்றிய தீயில் 28 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் எழுதினால், செயலி தன் அறிவுரையை நிறுத்திவிட்டு அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ ஒரே தொடுதலில் அழைக்கும்படி காட்ட வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. என் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதினர். 'ஏழு நாள் இலவசம்' என்று சேர்த்துக்கொண்டு எட்டாம் நாள் கணக்கிலிருந்து பணம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்துங்கள்.

உங்கள் செயலிகள் எல்லாம் ஜனவரி முதல் தேதியைப் புதுத் தொடக்கமாகக் கொண்டாடுகின்றன. எங்களுக்கு வாய்ப்பான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி மராமத்துப் பார்க்கப்படும் அந்த 61 நாளில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், போனும் வீட்டில் இருக்கும், கையில் காசு மட்டும் இருக்காது. வாசிப்பு, சேமிப்பு, குடியைக் குறைத்தல் எதைத் தொடங்குவதானாலும் அப்போது தொடங்கலாம். லாலியின் 66 நாளுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்துவதும் நல்லதாயிற்று. சோதனைப் பதிப்பு தயாரானால் மே மாதத்தில் படிப்பகத்துக்குக் கொண்டுவாருங்கள். குறைந்த விலைக் கைப்பேசிகளும், வெளிப்படையாகக் குறைசொல்லத் தயங்காத தாய்மாரும் இங்கே இருக்கிறார்கள். ஜூன் இரண்டாம் வாரம் வந்தால் ஐஸும் டீசலும் வலையும் ஏற்றுகிற அவசரத்தில் உங்களோடு உட்கார்ந்து பேச ஒருவரும் கிடைக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
படிப்பக ஆசிரியை ஒருத்தி,
மண்டபம்.