அக்காவுக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கம் கொடுங்கள்

இணையத்தில் பணம் செலுத்துவதற்கென்று கேஷ்பேக் கடன் அட்டை வழங்கும் வங்கிகளின் அட்டைப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு அட்டை எந்த வங்கியுடையது என்று இங்கே சொல்லப் போவதில்லை. அந்த வங்கிக்குத் தனியே புகார் அனுப்பினேன். வந்த ஆங்கிலப் பதில் நான் கேட்ட கேள்வியைத் தொடவேயில்லை. பிறகு வேறு சில வங்கிகளின் விண்ணப்பங்களையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே குறைதான்: எந்தச் செலவுக்குக் கேஷ்பேக் இல்லை என்பது போன்ற நிபந்தனைகள் தமிழில் ஒரே பக்கத்தில் இல்லை. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அக்கா தையல்காரர். ரவிக்கை ஒன்றுக்கு 150 ரூபாய் கூலி. மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரிக் கட்டணம், மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை எல்லாம் இணையம் வழியாகவே கட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு கேஷ்பேக் அட்டை எடுத்துவிடலாமா என்று அக்கா கேட்டபோது, நான்தான் மூன்று அட்டைகளின் விளம்பரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டில் கணக்குப் போட்டேன். அவற்றில் நான் தேர்ந்தெடுத்த அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 1,179. இணையச் செலவுக்கு 5 விழுக்காடு திரும்ப வரும் என்றால், ஆண்டுக்கு 23,580 ரூபாய் செலவு செய்தாலே கட்டணம் ஈடாகிவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம். கணக்கில் பிழை இல்லை. கணக்குக்கு வேண்டிய பாதி விவரம் என் கையில் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த ஏஜென்ட்டும் "ஆன்லைனில் கட்டுகிற எல்லாவற்றுக்கும் உண்டு" என்றுதான் சொன்னார்.

ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் 42,000 ரூபாயை அக்கா அந்த அட்டையில் கட்டினார். 2,100 ரூபாய் திரும்பி வரும், மகளுக்கு ஒரு ஜோடிச் செருப்பும் புத்தகப் பையும் வாங்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பில் வந்தது. அதில் 2,100 என்ற எண்ணும் இருந்தது. ஆனால் அது வரவு இல்லை. கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை. நிலுவையில் 5 விழுக்காடு. கேஷ்பேக் என்ற இடத்தில் பூஜ்யம்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்றுதானே எழுதியிருக்கிறது என்று அக்கா 2,100 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார். அப்படிக் கட்டினால் வட்டி ஏறும் என்ற எச்சரிக்கை பில்லில் இல்லாமல் இல்லை. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. மாதம் 3.5 விழுக்காடு வட்டி, கல்லூரிக்குப் பணம் கட்டிய நாளிலிருந்தே கணக்கிட்டு, அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து, அடுத்த பில்லில் 2,500 ரூபாய்க்கு மேல் ஏறியிருந்தது. பதினேழு ரவிக்கையின் கூலி. அன்று இரவு பதினொரு மணி வரை அவருடைய தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அட்டையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

ஏன் பூஜ்யம் என்று தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. பணம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நான்கு இலக்க வணிகக் குறியீடு ஒன்று உண்டு. கல்லூரிகளுக்கு 8220, மின்சாரம் தண்ணீர் போன்றவற்றுக்கு 4900. கேஷ்பேக் உண்டா இல்லையா என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. பணம் கட்டுகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை. எங்கள் அட்டையில் கல்விக் கட்டணம், மின்கட்டணம், காப்பீடு, வாடகை, எரிபொருள் எதற்கும் கேஷ்பேக் கிடையாது. அக்கா அட்டை வாங்கியதே முதல் மூன்றுக்காகத்தான். இன்னொன்று: கேஷ்பேக் மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் என்று ஒரு உச்சவரம்பும் இருக்கிறது. கல்விக் கட்டணம் விலக்கில் இல்லாமல் இருந்திருந்தாலும் 2,100 வந்திருக்காது.

விலக்கு வைப்பது உங்கள் உரிமை. வரம்பு வைப்பதும் உங்கள் உரிமை. அவற்றைக் கையெழுத்துக்கு முன்பே, ஒரே பக்கத்தில், தமிழில் எங்களிடம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

"கேரள முகவரிக்குத் தமிழில் தர இயலாது" என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள். தொலைபேசியில் எங்களுக்குக் கிடைப்பவை ஆங்கிலம், இந்தி, மலையாளம். பொள்ளாச்சியில் இருக்கிறவருக்குத் தமிழ் உண்டு. எல்லையைத் தாண்டினால் இல்லை. அதிகாரிகளே, கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான் பேசுகிறோம். அக்கா பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தது இதே கேரளத்தின் அரசுப் பள்ளியில்தான். மலையாளம் சரளமாகப் பேசுவார். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்குத் தெரியாது. அட்டையை விற்க வந்தபோது உங்கள் ஏஜென்ட் எங்களிடம் தமிழில்தான் பேசினார். விற்பதற்குத் தெரிந்த தமிழ், நிபந்தனையைச் சொல்லும்போது எங்கே போயிற்று?

கடன் அட்டைகள் பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகள், நிபந்தனைகள் தெளிவான எளிய மொழியில், அட்டைதாரருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்றன. ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகியவை விரும்பத்தக்கவை என்றும் சொல்லின. வட்டார மொழி என்றால் மாநிலத் தலைநகரின் மொழி என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். வேலந்தாவளம் சந்தையில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள், எங்கள் வட்டாரத்தின் மொழி எது என்று காதில் விழும்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வங்கியின் விஷயத்தில் போகத்தான் போகிறேன். ஆனால் அதில் அக்காவின் 2,500 ரூபாய் திரும்பி வந்தாலும், அடுத்த தெருவில் இதே அட்டைக்குக் கையெழுத்துப் போடப்போகிறவருக்கு ஒன்றும் மாறாது.

ஆகவே தாழ்மையுடன் மறுபடியும் கேட்கிறேன். எந்தச் செலவுக்குக் கேஷ்பேக் இல்லை, மாதத்துக்கு எவ்வளவுதான் வரும், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் வட்டி எந்த நாளிலிருந்து ஏறும் - இந்த மூன்றையும் கையெழுத்துக்கு முன் ஒரே பக்கத்தில், தமிழ் கேட்கிறவருக்குத் தமிழில் கொடுங்கள். முகவரி எந்த மாநிலம் என்று பார்க்காமல், எந்த மொழியில் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே ஒரு கட்டம் வைத்துக் கேளுங்கள். மகளின் அடுத்த பருவக் கட்டணம் டிசம்பரில் வருகிறது. அதற்குமுன் உங்களில் ஒரு வங்கியாவது அந்தப் பக்கத்தை அச்சிட்டால், முதல் பிரதியை அக்காவிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்த முறை அட்டையை அவரே படித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி