கான், புல்லு, நுளம்பு: ஒரு நன்றி மடல்

கொழும்பு முகத்துவாரத்து உறவுகளுக்கும், மட்டக்குளியிலிருந்து வந்து தோள்கொடுத்தவர்களுக்கும்,

நேற்றுக் காலை ஆறே முக்காலுக்குப் புல்வெட்டும் மெஷின் சத்தம் கேட்டது. முதலில் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைத்தேன். பிறகு வெட்டுப்பட்ட பச்சைப் புல்லின் வாசம் ஜன்னலால் வந்தது. சாரத்தோடேயே ஓடினேன். திடலின் அந்தப் பக்க மூலையில் இரண்டு பேர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு பேர் வந்து மதிலோரம் நின்றார்கள். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிள்ளைப்பேற்று வாட்டுக்கு வெளியே காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

திடலில் புல் வளர்ந்து, பிள்ளைகளுக்கு டெங்கு வந்து, நாங்கள் மாநகர சபைக்கு மகஜர் கொடுத்த கதையையெல்லாம் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. அந்த மூன்று மாதமும் நீங்களும் கூடவே இருந்தவர்கள். யாருடைய பிள்ளை எந்த வாட்டில் கிடந்தது, யாருடைய பிளேட்லெட் எந்த இரவில் எவ்வளவுக்கு இறங்கியது என்பது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். பிள்ளைகள் எல்லோரும் வீடு வந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுப் பாதீட்டில் எங்கள் திடலுக்கும் தண்ணீர் வடிகிற கானுக்கும் உரிய காசு திரும்ப வந்துவிட்டது. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து. மழையோடு மழையாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கிய பொடியன்களுக்கு. கூட்டம் போட இடம் தந்த பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு, கதிரை தந்த கோயிலுக்கு, முந்நூறு பிரதி போட்டோக் கொப்பி எடுத்துக் காசு வேண்டாம் என்ற ஃபாதருக்கு. வாடகை வாங்காமல் நாலு தடவை கொண்டுபோய் இறக்கிய ஓட்டோக்காரத் தம்பிக்கு. சட்டம் படிக்கிற எங்கள் ஒழுங்கை மகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பதும் அந்தப் பிள்ளை சொல்லித்தான் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கடைசி நேரத்தில் எங்களுக்காக எழும்பிக் கதைத்த சபை உறுப்பினர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள். எந்தக் கட்சி என்று எழுதினால் இந்த மடலின் கதை வேறு பக்கம் போய்விடும், ஆகவே விட்டுவிடுகிறேன்.

பி.எச்.ஐ. ஐயாவையும், அதுதான் எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும், மறக்க முடியாது. நாங்கள் எல்லோரும் கானைக் காட்டிக் காட்டிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் இடுப்பளவு புல்லுக்குள் இறங்கி ஒரு யோகட் கோப்பையை எடுத்துவந்தார். உள்ளே இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் இருந்திருக்கும். டோர்ச்சை அடியில் பிடித்தார். நுளம்புக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன. “கானில் நாறுகிற தண்ணியை விட இதுதான் ஐயா ஆபத்து. டெங்கு நுளம்புக்கு இந்த மாதிரி சுத்தமான தண்ணிதான் பிடிக்கும். பத்து நாளில் பறந்திடும். தண்ணி வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. புல்லு வளர்ந்தால் கோப்பை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்” என்றார். அப்போது அதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. புல் வெட்டும் காசு வேறு, டெங்குக் காசு வேறு என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். 2017 இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்த வருஷத்திலும் நாங்கள் புகை அடிக்கச் சொல்லித்தான் கத்தினோமே தவிர, புல்லை வெட்டச் சொல்லவில்லை.

சரி, இப்போது நான் உண்மையில் எழுத வந்த ஆளிடம் வருகிறேன். பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எந்த நூலகம் என்றும் எழுதமாட்டேன். அங்கே வேலை செய்கிற ஒரு சிங்களப் பெண். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும், ஆனால் உத்தியோகத்தில் இருப்பவர் என்பதால் மிஸ் என்றுதான் கூப்பிட்டேன்.

சபைகளின் பாதீட்டு வரைவை நிறைவேற்றுவதற்கு முன் கொஞ்ச நாள் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அறுபத்திரண்டு வயது வரை நான் ஒருமுறையும் போனதில்லை. இந்த முறையும் கடைசி நாளில்தான் போனேன். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கணக்கெழுதியவன் என்ற திமிர் வேறு. கணக்குப் புத்தகம்தானே, ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் கிடைத்தது சிங்களப் பிரதி. பஸ் பலகை வாசிப்பேன், பத்திரிகைத் தலைப்பு வாசிப்பேன், சிங்களத்தில் சண்டையும் பிடிப்பேன். ஆனால் அது வேறு சிங்களம். செலவுத் தலைப்பு, உபதலைப்பு, குறியீட்டு எண் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எங்கள் திடலின் பெயரைத் தேடினேன். இல்லை. திரும்பத் தொடக்கத்திலிருந்து தேடினேன். அப்போதும் இல்லை.

மதியம் பன்னிரண்டே முக்கால் இருக்கும். மிஸ் மேசையில் சாப்பாட்டுப் பார்சலை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். வாசிப்பறையை மூடப்போகிறோம் என்று சொல்லத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் எழும்பவும் செய்தேன். அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், நான் வெறுமையாக வைத்திருந்த தாளைப் பார்த்தார்.

“அங்கிள் என்ன தேடுறது?”

“திடல், மிஸ். எங்கட திடல்.”

“திடல் இதில் இல்லை” என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்புறம் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேசை லாச்சியிலிருந்து ஒரு மர அடிமட்டம் எடுத்துவந்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பதுதான், ஓரமெல்லாம் நீல மை. அதை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, சிங்களத்தில் ஒருமுறை வாசித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு சொல் சொன்னார். கிராண்ட்பாஸில் வளர்ந்தவராம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பொறுக்கிய தமிழ். மிகச் சுருக்கமான தமிழ். வடிகாலமைப்பு முறைமைகளின் ஏதோ ஒன்று என்று இரண்டு வரிக்கு நீண்டிருந்த தலைப்புக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, “இது கான்” என்றார். பத்துப் பதினைந்து பக்கம் தள்ளிப் போய், வேறொரு பிரிவில், “இது புல்லு”. இன்னும் எங்கேயோ பின்னுக்குப் போய், சுகாதாரப் பக்கத்தில், “இது நுளம்பு”.

அவ்வளவுதான். நாங்கள் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் திடல் அந்தப் புத்தகத்தில் மூன்று துண்டாக, மூன்று பிரிவில், மூன்று பேரின் கையெழுத்துக்குக் கீழே கிடந்தது. ஒரு துண்டை வெட்டுகிற ஆளுக்கு மற்ற இரண்டும் தெரியவேண்டிய அவசியமே இல்லை. பி.எச்.ஐ. ஐயாவின் யோகட் கோப்பை எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. புல்லுப் பக்கத்தில் காசைக் குறைத்தவருக்கு நுளம்புப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று யார் சொல்வது?

புல்லு வரியில் மிஸ் நிறுத்தினார். போன ஆண்டு நிரலில் ஒரு தொகை. இந்த ஆண்டு நிரலில் அதைவிடக் குறைந்த ஒரு தொகை. அடுத்த ஆண்டு நிரலில் தொகை இல்லை, ஒரு சின்னக் கோடு. டைப் அடித்த கோடு, அரிசி நீளம்கூட இருக்காது. அடிமட்டத்தின் நுனியை அதற்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல், “இதுதான் அங்கிளுட திடல்” என்றார்.

யாருடைய மேசையில் விழுந்த கோடு என்று நான் தேடப்போவதில்லை. வேண்டுமென்று போட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் கோடு போடுவது எவ்வளவு லேசான வேலை என்று எனக்குத் தெரியும், நானே எத்தனையோ போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய உதவி. மூலதனச் செலவினம், மீண்டெழும் செலவினம் என்ற இரண்டையும் மிஸ் தன்னுடைய பாணியில் பிரித்துக் காட்டினார். “இது புதுசா கட்டுற காசு. இது பாத்துக்கொள்ளுற காசு. அங்கிள் எது கேட்டது?” நாங்கள் மகஜரில் கேட்டிருந்தது நடைபாதை, வாங்கு, பூங்கா, பெயர்ப்பலகை. முழுக்கக் கட்டுகிற காசு. எங்களுக்குத் தேவைப்பட்டதோ பார்த்துக்கொள்கிற காசு. மூன்று மாதமாகத் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். கட்டுகிற காசுக்கு என்றாலும் ஆள் இருக்கும், திறப்பு விழா இருக்கும், கல்லில் பெயர் இருக்கும். மாதாமாதம் புல் வெட்டுவதற்கு யார் வந்து ரிப்பன் வெட்டப்போகிறார்கள்?

தன் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மூன்று தலைப்பையும் பக்க எண்ணோடும் குறியீட்டோடும் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார். சுவரில் மணி ஒன்றரை. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. பார்சலை அவிழ்க்காமலேயே லாச்சிக்குள் வைத்தார். பருப்பும் சம்பலும் மணத்தது, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு ப்ளேன்டீயாவது வாங்கிவருகிறேன் மிஸ் என்றேன். “திடல் வந்த பிறகு டீ” என்று சொல்லிவிட்டு, புத்தகம் திருப்பித் தர நின்ற பிள்ளைகளிடம் போய்விட்டார்.

அன்று பின்னேரமே மகஜரைத் திருப்பி எழுதினோம். ஆறு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. கான், புல்லு, நுளம்பு என்ற வரிசையில் மூன்று பந்தி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண். ஐந்து மணிக்கு முன் கொடுத்தோம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இரண்டு கிழமைக்கு முன் பேரனைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய நினைவுக்கல் இருக்கிறது. எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன், வாசித்ததில்லை. சேர் ஹென்றி வார்ட் என்ற ஆளுநர் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை அது. பெயரும் ஆண்டும் போட்டதோடு அந்த மனிதர் நிறுத்தவில்லை. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைத் தனக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் சேர்த்திருக்கிறார். வெள்ளைக்கார ஆட்சியைப் புகழ இதை எழுதவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லிலேயே சொல்லவேண்டும் என்பது அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். எங்கள் திடலில் கல்லும் இல்லை, ஆளுநரும் இல்லை. பின்னேரத்தில் கிரிக்கெட், இருட்டினால் அரட்டை, பெருநாளுக்கும் பொங்கலுக்கும் கொஞ்சம் கூட்டம். வேறு இடம் இருக்கிறதே, காக்கைத்தீவுக் கடற்கரைக்குப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். முழங்கால் வலிக்காரி ஒருத்தியையும் மூன்று வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தினமும் அங்கே நடந்து காட்டட்டும், பிறகு கதைப்போம்.

ஒரு சத்தியமும் செய்துவிடுகிறேன், சாட்சிக்கு நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு வரைவு பார்வைக்கு வந்த முதல் நாளே நான் அங்கே நிற்பேன். சொந்த அடிமட்டத்தோடு. கூட வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், மூன்று பேர் வந்தால் ஆளுக்கு ஒரு துண்டு பார்க்கலாம். புல்லு எனக்கு.

நேற்றுப் பின்னேரம் ஃப்ளாஸ்கில் ப்ளேன்டீ ஊற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். மிஸ் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். என் பெயர் ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆ, கான் அங்கிள்!” என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

“புல்லு வெட்டினதா?”

“வெட்டியாச்சு மிஸ். இன்றைக்குக் காலையில்.”

“கான்?”

“வாற கிழமையாம்.”

கோப்பை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே ஒரு வாய் குடித்தார்.

“சீனி கூட, அங்கிள்” என்றார்.