விதை பறிக்கப் போன சனிக்கிழமை

நேபர்வில், இலினாய்
அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நேற்று ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. போய் வந்து அதையும் சேர்த்து எழுதலாம் என்று இருந்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல்லு.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைச்சரிவில் புல்லை மூடிக்கொண்டு பரவுகிற சீகைக் கன்று (வாட்டில் மரம்) பிடுங்கப் போனதை எழுதியிருந்தாய். "மரம் நடச் சொல்லித் தர்ற டீச்சரைப் பாத்திருக்கோம், பிடுங்கச் சொல்லித் தர்ற டீச்சரை இப்பத்தான் பாக்குறோம்" என்று ஒரு பையனின் அப்பா சண்டைக்கு வந்ததையும் எழுதியிருந்தாய். நீ அன்று ராத்திரி தூங்கவில்லை என்று படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கூடவே மிடேவின் ஞாபகம் வந்தது. நேற்று நான் போனதும் அங்கேதான். அங்கேயும் மரம் வெட்டுகிறார்கள், செல்வி. அரசாங்கமே வெட்டுகிறது. அதை உனக்கு விவரமாகச் சொல்லியாக வேண்டும்.

மிடேவின் சிகாகோவுக்குத் தென்மேற்கே, வில்மிங்டன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய புல்வெளி. ஏறக்குறைய 19,000 ஏக்கர். எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். இந்த மாதிரி ஆளுயரப் புல் வளரும் சமவெளியை இங்கே பிரேரி என்கிறார்கள். இலினாய்க்கே 'பிரேரி மாநிலம்' என்றுதான் பட்டப்பெயர். ஆனால் இங்கே குடிவந்து ஐந்து வருஷம் வரைக்கும் நான் ஒரு பிரேரியைக் கண்ணால் பார்த்ததில்லை. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஒரு காலத்தில் இந்த மாநிலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கர் புல்வெளி இருந்ததாம். இன்றைக்குக் கெடாமல் மிஞ்சியிருப்பது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஊர் மண் நம் கரிசல் மாதிரி ஒட்டும். பழைய இரும்புக் கலப்பையில் மண் அப்பிக்கொண்டு நகராது. 1837இல் இதே இலினாயில் ஜான் டீர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகில் கலப்பை செய்தார். மண் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அப்புறம் ஒரு தலைமுறை இரண்டு தலைமுறைக்குள் எல்லாம் வயலாகிவிட்டது.

மிடேவினுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1940இல் உலகப் போருக்காக அரசாங்கம் அந்த வயல்களை விவசாயிகளிடமிருந்து வாங்கி வெடிமருந்துத் தொழிற்சாலை கட்டியது. ஜோலியட் ஆயுதக்கிடங்கு என்று பெயர். அந்தப் போர் முடிவதற்குள் 100 கோடி பவுண்டுக்கு மேல் டி.என்.டி. என்ற வெடிமருந்து அங்கே தயாரானது. 1942 ஜூன் 5 விடியற்காலையில் கண்ணிவெடி ஏற்றுகிற இடம் வெடித்துச் சிதறி 48 பேர் இறந்துபோனார்கள். 1970களில் உற்பத்தி நின்றது. 1996இல் சட்டம் போட்டு நிலத்தை வனத்துறையிடம் கொடுத்தார்கள், பிரேரியாகத் திருப்பச் சொல்லி. மிடேவின் என்பது பொட்டவாடமி என்ற பூர்வகுடி மக்களின் சொல். நோய் தீர்க்கத் தெரிந்தவர்களின் சபை என்று பொருளாம். அவர்களுடைய மண்தான் இது. 1833இல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களை மிசிசிப்பிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பெயரை மட்டும் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும்.

முதல் தடவை போனது மீனாவுக்கு பைசன் காட்டத்தான். கோடையில் நம் ஊர்ப் பக்கம் வருகிற டூரிஸ்டுகள் பைசன் பைசன் என்று போட்டோ எடுப்பார்களே, அது நம் காட்டுமாடு. இது அமெரிக்க பைசன். முதுகில் திமில், தலை முழுக்கச் சடை. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த மிருகம், 1880களின் கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. மிடேவினில் 2015 அக்டோபரில் 27 உருப்படிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் போன அன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவ்வளவு பெரிய வேலிக்குள் அவை எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? மீனா அழ ஆரம்பித்துவிட்டாள். அங்கே ஒரு வழிகாட்டி அம்மா இருபது பேரைக் கூட்டிக்கொண்டு நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நீங்களும் வாங்க, பழைய வெடிமருந்து பங்கரைக் காட்டுறேன்" என்று அவளை இழுத்துக்கொண்டார். காசு கிடையாது, பெயர் எழுதிக்கொடுத்தால் போதும்.

அந்த பங்கர்களை நீ பார்க்க வேண்டும். கான்கிரீட்டில் அரைவட்டக் கூரை, மேலே மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்திருக்கிறார்கள். வானத்திலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது, வெடித்தாலும் வேகம் மேலே போக வேண்டும் என்பதற்காகவாம். இப்படி 392 கட்டினார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாகப் பசு படுத்திருப்பது போல இருக்கும். உள்ளே போனதும் இருட்டு, ஈரச் சிமெண்ட் வாசனை. வழிகாட்டி அம்மா மீனாவிடம், "ஏதாவது பாடு" என்றார். பாட்டு வகுப்பில் படித்த சரளி வரிசையை ஆரம்பித்தாள். ஸ சொன்னது அடங்குவதற்குள் ரி சேர்ந்துகொண்டது, அதன்மேல் க. ஏழு சுரமும் கூரைக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது. குண்டு அடுக்கி வைத்த இடம் அது. முன்பின் தெரியாத இருபது பேர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிலிருந்து மாதம் ஒரு தடவையாவது போய்விடுகிறோம். பறவை பார்க்கும் நடை, பூ பார்க்கும் நடை, ஏதாவது ஒன்று இருக்கும்.

சரி, மரம் வெட்டுகிற கதைக்கு வருகிறேன். பழைய விவசாயிகள் வயலுக்கு வேலியாக ஆசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை வரிசையாக நட்டிருந்தார்கள். அவை வளர்ந்து பெரிய மரங்களாகிவிட்டன. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் புல்லுக்குள் தரையில் முட்டையிடும் பறவைகள் மரம் இருக்கிற பக்கமே கூடு கட்டாது. மரத்தில் பருந்து உட்காரும், பொந்தில் ரக்கூன் என்ற முட்டை தின்னும் மிருகம் குடியிருக்கும். முட்டையும் மிஞ்சாது குஞ்சும் மிஞ்சாது. பாபொலிங்க் என்று ஒரு குருவி. இங்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தென்னமெரிக்கா வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது. அதற்கு வேண்டியது மறைப்பில்லாத வெட்டவெளி. அதனால் வேலி வரிசையையே வெட்டி எடுக்கிறார்கள். சில இடங்களில் நாள் குறித்து, காற்றுப் பார்த்து, பயிற்சி பெற்ற ஆட்களை வைத்துத் தீயும் வைக்கிறார்கள். மரக்கன்று கருகிவிடும், புல்லுக்கு உயிர் மண்ணுக்குள் இருப்பதால் இரண்டு வாரத்தில் கருப்புத் தரையிலிருந்து பச்சையாக முளைத்துக்கொண்டு வரும். முதன்முதலில் கேள்விப்பட்டபோது நானும் அந்தப் பையனின் அப்பா மாதிரிதான் திகைத்தேன். மரம் என்றால் நல்லது, புல் என்றால் தரிசு என்றுதானே நமக்கு யாரும் சொல்லாமலே மனசில் பதிந்திருக்கிறது! அவர்மேல் கோபப்படாதே. அவரையே ஒருநாள் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், சீகை அடர்ந்த இடத்திலும் புல் இருக்கிற இடத்திலும் மண்ணைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லு. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

நேற்று விதை பறிக்கும் நாள். சனிக்கிழமையாதலால் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். காலேஜ் பிள்ளைகள், ஒரு சாரணர் கூட்டம், ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு தம்பதி. கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளச் சொன்னார்கள், உண்ணி ஏறாமல் இருக்க. ஆளுக்கொரு பக்கெட், கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொள்ள. எந்தச் செடியிலும் பாதிக்குமேல் பறிக்கக் கூடாது. மிச்சம் குருவிக்கும் மண்ணுக்கும்.

புல் என் தலைக்குமேல் நின்றது. பிக் புளூஸ்டெம் என்று பெயர். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால் மாதிரி இருக்கும். இந்த மாதத்தில் தண்டெல்லாம் செம்பு நிறம். கதிரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவினால் கம்பு உருவுவது போலக் கையோடு வந்துவிடும். எனக்குக் கொடுத்தது பீ பாம் என்ற செடி. கோடை மாதத்தில் ஊதாப் பூ பூத்து, இப்போது காய்ந்த உருண்டையாக நிற்கிறது, சின்னச் சின்னத் துளையோடு. ஒன்றைக் கிள்ளிக் கசக்கினேன். செல்வி, அப்படியே கற்பூரவல்லி! மாரியம்மன் கோவில் தெரு வீட்டில், உன் பாட்டி எனக்கு இருமலுக்குச் சாறு பிழிந்து கொடுப்பார்களே, அதே வாசனை. ரெண்டு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். மீனாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அவள் "பீட்சா வாசனை" என்றாள். அவளுக்கு அது, எனக்கு இது. உள்ளங்கையில் தட்டினால் மிளகில் கால்வாசிகூட இல்லாத பழுப்பு விதை, பொடி மாதிரி கொட்டுகிறது.

எனக்குப் பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர், எண்பதை நெருங்கியிருப்பார். அவருடைய அம்மா போர்க்காலத்தில் இதே தொழிற்சாலையில் குண்டுக்கு மருந்து நிரப்புகிற வேலை பார்த்தவராம். "அம்மா வீட்டுக்கு வரும்போது கை மஞ்சளாக இருக்கும் என்று அக்கா சொல்லுவாள்" என்றார். இவர் பதினைந்து வருஷமாக விதை பறிக்க வருகிறார். பேசிக்கொண்டே இருந்தாலும் கை நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அவர் பக்கெட் நிறைந்துவிட்டது, எனக்குப் பாதிதான்.

பறித்ததையெல்லாம் தாள் பைகளில் போட்டுச் செடியின் பெயர் எழுதினோம். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடித்துவிடும். காய்ந்த பிறகு கொட்டகையில் சல்லடையில் தேய்த்துச் சலிப்பார்கள். உமியும் தூசியும் போகக் காற்றாடி வைத்து ஊதுவார்கள். நான் முறத்தில் புடைப்பதைப் பற்றிச் சொன்னதும், அடுத்த தடவை ஒரு முறம் கொண்டுவா என்று கேட்டுக்கொண்டார்கள். எங்கே போவேன் முறத்துக்கு! யாராவது ஊரிலிருந்து வந்தால் ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பு. எல்லா விதையையும் கலந்து, குளிர் பிடிக்கும் சமயத்தில் வெறும் தரையில் தூவிவிடுவார்கள். பனியில் கிடந்து உறைந்து இளகினால்தான் பல விதைகளுக்கு முளைப்பு வரும். அதற்கு அப்புறமும் அவசரப்பட முடியாது. முதல் வருஷம் தூங்கும், இரண்டாம் வருஷம் தவழும், மூன்றாம் வருஷம் தாவும் என்று இங்கே சொல்வார்கள். முதல் இரண்டு வருஷமும் செடி வேர்தான் விடும். மேலே பார்த்தால் களைக்காடு மாதிரி இருக்கும்.

உன் சரிவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கன்று பிடுங்கிய இடம் மொட்டையாகக் கிடக்கிறது, ஊர் முழுக்கப் பார்த்துப் பேசுகிறது என்று எழுதியிருந்தாய். ஒரு மழைக்காலத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதே. அந்தப் பிள்ளைகளை அடுத்த வருஷமும் கூட்டிக்கொண்டு போ.

திரும்பும் வழியில் பைசனைப் பார்த்தோம். ரொம்ப தூரத்தில், புல்லுக்குமேல் பதினைந்து இருபது பழுப்பு முதுகுகள். மீனா பைனாகுலரைக் கீழே வைக்கவே இல்லை. அவற்றுக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

உனக்கு அந்த பீ பாம் விதை கொஞ்சம் அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து இப்படி யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்ததுதானே. மீனா அந்தக் காய்ந்த தலையைப் பார்த்து ஒரு படம் வரைந்திருக்கிறாள், அதை இதோடு வைத்திருக்கிறேன். சீகை போன இடத்தில் முதலில் எந்தப் புல் முளைக்கிறது, அதற்கு ஊரில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று பார்த்து எழுது. அதைக் கசக்கினால் என்ன வாசனை வரும் என்று மீனா கேட்கிறாள்.

அன்புடன்,
தேவகி