தக்கலைக் கடையில் உதவிய அண்ணனுக்கு நன்றி

கரண்ட் போய் வந்ததும் எங்கள் கம்ப்யூட்டரில் உள்ள லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போன்ற ஒரு இயங்குதளம்) முழுதாகத் திறக்காமல் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. புதிதாகப் போட வேண்டாம் என்று தடுத்து வழி சொன்ன அண்ணே, பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள். மனமார்ந்த நன்றி.

டிஸ்கில் எழுதும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே என்ற ஒழுங்கு) குழம்பலாம். தானாகச் சரிசெய்ய முடியாத பிழை என்றால் அந்தத் திரை வரும். நீங்கள் சொன்னபடி 'எக்ஸிட்' அடித்ததும் கெட்ட பார்ட்டிஷனின் (டிஸ்கின் ஒரு பகுதி) பெயரைக் காட்டியது. அடுத்து அடித்த பழுதுபார்க்கும் கட்டளை: 'எஃப்எஸ்சிகே' (fsck), இடைவெளி, சிறுகோடு, 'ஒய்' (y), இடைவெளி, பிறகு அந்தப் பெயர். ஓடி முடிந்ததும் மறுபடி 'எக்ஸிட்'. டெஸ்க்டாப் வந்துவிட்டது, படங்கள் எல்லாம் பத்திரம்.

அதைவிடப் பெரிய உதவி, ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) படிக்கச் சொல்லிக்கொடுத்தது. 'ரீஅலொகேட்டட்' (கெட்டு மாற்றப்பட்ட), 'பெண்டிங்' (சந்தேகத்தில் உள்ள) செக்டர், அதாவது டிஸ்கின் சிறு துண்டுகளின் எண்ணிக்கை ஏறினால் டிஸ்க் சாகப்போகிறது, முதலில் பேக்கப். 'சிஆர்சி எரர்' (தகவல் போய்வரும் வழியில் வரும் பிழை) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். எங்கள் டிஸ்கில் ஏறியது சிஆர்சி மட்டும்தான். கேபிளை மாற்றியதும் எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது (பழைய எண் பூஜ்யமாகாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும்). குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணிக்கையையும் ஒருமுறை பாருங்கள்.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருளும் போட்டாயிற்று, அண்ணே. லாக்-அவுட் செய்து வந்த பிறகுதான் தமிழ்99 விசைப்பலகைப் பட்டியலில் தெரிந்தது. இந்தப் பதிவே அதில் அடித்ததுதான்.