சின்னவனின் பள்ளிக்கூடம் பற்றி மகளுக்கு

ஹரோ, லண்டன்
ஒக்டோபர் 5

அன்பின் மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகு எனக்கு நித்திரையே வரவில்லை. உன் மகன் சின்னவனை அடுத்த செப்டம்பரில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று நீ ஒன்று சொல்ல, மருமகன் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் மூன்று பேரும் சத்தம் போட்டதுதான் மிச்சம். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீங்கள் இரண்டு பேரும் ஆறுதலாய் இருந்து வாசிக்கவேணும்.

உனக்கு இதுவரைக்கும் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. உன் தம்பி 2003 செப்டம்பரில், சோதனை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற கிராமர் ஸ்கூலுக்குப் போனான். அந்த லெவன் பிளஸ் சோதனையைப் பாஸ் பண்ணின பெடியன் என்று கோயிலில் எல்லாரும் விசாரித்தார்கள், நானும் வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த பெப்ரவரியில் ஒருநாள், அவனுடைய பிளேஸரின் உள்பை கிழிந்திருக்கிறது என்று தைக்க எடுத்தேன். லைனிங்குக்குள் ஏதோ சரசரத்தது. தையலைப் பிரித்தால் உள்ளே டிடென்ஷன் துண்டுகள், தண்டனையாய்ப் பள்ளிக்கூடத்தில் மறித்துவைப்பதற்குக் கொடுக்கிற கடதாசிகள். பதினாலு. சிலதை நாலாய் மடித்திருந்தான். சிலது மழையில் நனைந்து காய்ந்து, மை பரவி, துணியோடு ஒட்டிப்போயிருந்தது. பேனை கொண்டுவரவில்லை. வீட்டுவேலை தரவில்லை. பாடம் நடக்கும்போது எழும்பித் திரிந்தார். வகுப்புக்குப் பிந்தி வந்தார். வகுப்புக்குப் பிந்தி வந்தார். வகுப்புக்குப் பிந்தி வந்தார்.

நான் அவன் ஒளித்துவைத்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு அடித்தும் விட்டேன். நீ அப்போது ஜி.சி.எஸ்.ஈ. சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உன்னைக் குழப்பக் கூடாது என்று அப்பாவும் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒளிக்கவில்லை, மகள். அம்மாவிடம் காட்டவேணும் என்றுதான் பைக்குள் வைத்திருக்கிறான். பை கிழிந்திருந்தபடியால் துண்டுகள் ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கிவிட்டன, வீட்டுக்கு வந்து சேர முதலே அவனும் மறந்துவிட்டான். உடுப்புத் தைக்கிற வேலை செய்கிற எனக்கு அந்தக் கிழிசலைப் பார்த்தவுடன் விளங்கியிருக்கவேணும். விளங்க இருபது வருசம் எடுத்தது.

எங்கள் ஊரில் இதற்கு இரண்டு சொல் வைத்திருந்தோம். ஓடித் திரிந்தால் குழப்படி, கூப்பிட்டும் திரும்பாமல் இருந்தால் பராக்கு. இரண்டையும் பிள்ளையின் குணம் என்றே நினைத்தோம், இரண்டுக்கும் பூவரசங் கம்புதான் மருந்து. தம்பிக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்தக் கஷ்டப்படுகிற நிலை, என்று டொக்டர் எழுதித் தரும்போது அவனுக்கு 27 வயது. அன்றைக்குப் பின்னேரம் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒன்று சொன்னான்: "அம்மா, அந்தப் பள்ளிக்கூடத்தில நான் படிக்காமல் இருக்கேல்லை. ஒவ்வொரு நாளும் அடுத்தது எந்த அறை எண்டு தேடிக்கொண்டு திரிஞ்சனான்."

அதே ஏ.டி.எச்.டி. இருக்கிற சின்னவனின் விசயத்தில் எனக்குப் பயம் அதுதான். அவன் கெட்டிக்காரன். கணக்குப் பாடத்தில் அவனைப் பற்றி மருமகன் சொல்வது அத்தனையும் சரி, கிராமர் ஸ்கூலுக்காகச் செப்டம்பரில் எழுதின சோதனையில் பாஸ் பண்ணவும் கூடும். ஆனால் இப்போது அவன் இருப்பது ஒரு வகுப்பறை, ஒரு ரீச்சர். அவன் பென்சிலைத் தொலைத்தால் அவவுக்குத் தெரியும், ஜன்னலைப் பார்த்தால் தோளில் தட்டிக் கூப்பிடுவா. அடுத்த செப்டம்பரில் பத்துக்கு மேற்பட்ட ரீச்சர்மார், மணி அடிக்க அடிக்க மாறுகிற அறைகள், ஒரு கிழமை ஒரு நேரசூசி, மறு கிழமை இன்னொன்று. இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் விளங்காமல் போவது குறைவு. எதை முதலில் தொடங்குவது, எதை எங்கே வைத்தேன், எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை மனதில் பிடித்து வைத்திருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பள்ளிக்கூடம் தண்டிக்கிறதா, தாங்கிப் பிடிக்கிறதா என்பதைத்தான் நாங்கள் பார்க்கவேணும். பள்ளிக்கூடத்தின் பெயரையும் சோதனை முடிவு அட்டவணையையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நீ வேலைக்குப் போன வியாழக்கிழமை நானும் சின்னவனும் இரண்டு பள்ளிக்கூடம் பார்த்தோமே, அதை போனில் ஒழுங்காய்ச் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் சென்கோவிடம், அதாவது விசேட உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ரீச்சரிடம், ஒரே கேள்வியைக் கேட்டேன்: இவன் மூன்று நாள் தொடர்ந்து பேனையும் புத்தகமும் மறந்து வந்தால் என்ன செய்வீர்கள்? முதலாவது பள்ளிக்கூடத்தில், "எங்களிடம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதி" என்றார். மரியாதையாய்த்தான் சொன்னார். எனக்கு அந்தப் பதினாலு துண்டும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இரண்டாவதில், அதுதான் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற பள்ளிக்கூடம், அந்த அம்மா பதில் சொல்லாமல் லாச்சியை இழுத்துக் காட்டினா. உள்ளே பேனை, அடிமட்டம், கல்குலேட்டர், எல்லாம் கட்டுக்கட்டாய். "மறப்பார்கள் என்று தெரியும், அதனால் வாங்கி வைத்திருக்கிறோம்" என்றா. பாடத்துக்கு ஒரு நிறம் போட்ட நேரசூசியைக் கழுத்தில் தொங்கவிடுகிற அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நாங்கள் கதைக்கும்போது சின்னவன் கதவுக் கைபிடியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நின்றான். நான் பேச வாயெடுத்தேன், அதற்குள் அவ, நாலு கதிரையை அடுத்த அறைக்குக் கொண்டுபோகவேணும், உதவி செய்வாயா என்று அவனைக் கேட்டுவிட்டா. நாலையும் தூக்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் இருந்து, அவனே கேட்டான்: "மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடலாமா?" ஓடலாம் என்றா. அவன் முகத்தை நீ பார்த்திருக்கவேணும்.

கிராமர் ஸ்கூல் என்றால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏ.டி.எச்.டி. இருக்கிற பிள்ளைகள் அங்கேயும் நன்றாய்ப் படிக்கிறார்கள். அங்கேயும் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். ஆனால் மிட்சமில் இருக்கிற உங்கள் வீட்டிலிருந்து, கிராமர் ஸ்கூல் இருக்கிற சட்டன் பக்கம் போக இரண்டு பஸ். சின்னவன் காலையில் போடுகிற குளிசையின் வேகம் பின்னேரம் குறையத் தொடங்கும். சரியாய் அந்த நேரத்தில் அவன் பஸ்ஸுக்கான ஸிப் ஓய்ஸ்டர் கார்டையும் பையையும் கவனித்து, பஸ் மாறி வரவேணும். இந்த வருசம் அவன் தொலைத்த ஜம்பர்கள் எத்தனை என்று உனக்குத்தான் தெரியும்.

இனி பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கிற ஃபோர்ம் விசயம். தம்பிக்காக அன்றைக்கு வாசிக்காததை எல்லாம் இப்போது இருந்து வாசித்தேன். இந்த மாதம் 31ஆம் திகதிக்குள் அனுப்பவேணும். லண்டனில் ஆறு பள்ளிக்கூடம் போடலாம், ஆறையும் நிரப்புங்கள். எதை எத்தனையாவதாய்ப் போட்டீர்கள் என்று பள்ளிக்கூடங்களுக்குத் தெரியாது, அதனால் "முதலாவதாய்ப் போடாவிட்டால் கோவிப்பார்கள்" என்று ரியூசன் வாசலில் கதைப்பதைக் காதில் போடாதே. ஆனால் இரண்டு இடம் கிடைக்கிற நிலை வந்தால், மேலே போட்டதைத்தான் தருவார்கள், கீழே உள்ளது போய்விடும். அதனால் மேலே போடுவது மனதாரப் போடுவதாய் இருக்கவேணும். என் மனதில் மேலே இருப்பது லாச்சிப் பள்ளிக்கூடம். மார்ச் 1ஆம் திகதி முடிவு வரும்.

சில பள்ளிக்கூடங்கள் மருத்துவ, சமூகக் காரணம் உள்ள பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கின்றன. ஒவ்வொன்றின் விதியையும் வடிவாய் வாசி. அப்படி இருந்தால், ஏன் இந்தப் பள்ளிக்கூடம்தான் இவனுக்குப் பொருந்தும் என்று டொக்டரிடம் கடிதம் வாங்கி, ஃபோர்மோடு சேர்த்துக் கொடுக்கவேணும். வருத்தத்தின் பெயரை மட்டும் எழுதின கடிதம் போதாது.

அடுத்தது ஈ.எச்.சி. பிளான், பிள்ளைக்கு என்ன உதவி வேணும் என்று கவுன்சில் சட்டப்படி எழுதித் தருகிற திட்டம். பள்ளிக்கூடம் கேட்டால்தான் கவுன்சில் பார்க்கும் என்று உனக்கு யாரோ சொன்னதாய்ச் சொன்னாய். அது பிழை. பெற்றோரே எழுதிக் கேட்கலாம், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. மார்க்ஸ் நல்லாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது. பிள்ளையை மதிப்பீடு செய்வதா இல்லையா என்று ஆறு கிழமைக்குள் பதில் தரவேணும், பிளான் கொடுப்பதென்றால் எல்லாமாய் இருபது கிழமைக்குள் முடிக்கவேணும். பிந்துகிற கவுன்சில்கள் நிறைய, அதனால்தான் இந்தக் கிழமையே எழுது என்கிறேன். பிளானில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் பெயர் ஏறிவிட்டால் அவர்கள் பிள்ளையை எடுத்தே ஆகவேணும். கவுன்சில் மதிப்பீட்டையோ பிளானையோ மறுத்தால், முறையிடத் தீர்ப்பாயம் இருக்கிறது. இப்சியா என்ற தொண்டு நிறுவனம் இலவசமாய்ச் சட்ட ஆலோசனை கொடுக்கிறது, என்ன எழுதுவதென்று மாதிரிக் கடிதமும் வைத்திருக்கிறார்கள். பிளான் வரும் என்று நம்பி ஃபோர்மை மட்டும் விட்டுவிடாதே, இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

பிளான் கிடைக்காவிட்டாலும் கை விரித்துவிட முடியாது. ஏ.டி.எச்.டி. ஒரு பிள்ளையின் அன்றாட வாழ்க்கையைப் பெரிதாய்ப் பாதித்தால், 2010 சமத்துவச் சட்டப்படி பள்ளிக்கூடம் அவனுக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்யவேணும். இடையில் எழும்பி நடக்க விடுவது, சோதனையில் ஓய்வு நேரம் கொடுப்பது எல்லாம் அதற்குள் வரும். இதைக் கேட்பது பிச்சை கேட்பது அல்ல, மகள். தம்பிக்காக நான் ஒன்றையும் கேட்கவில்லை. "சொறி சேர், சொறி மிஸ்" என்று மூன்று வருசம் தலை குனிந்துகொண்டு நின்றேன். ஈயர் நைனில் அவனை இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பினார்கள், அப்போதும் சொறி சொன்னது நான்தான்.

மருமகனிடம் நான் கோபமாய்க் கதைத்திருந்தால் குறை நினைக்கவேண்டாம் என்று சொல். தகப்பனுக்குப் பிள்ளை மேல் ஆசை இருக்காதா? அந்தப் பதினாலு துண்டும் இன்னும் என்னிடம் பிஸ்கற் டின்னுக்குள் இருக்கிறது. அவர் பார்க்க விரும்பினால் கொண்டுவருகிறேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு நடந்து போகிற பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போதே சுற்றிக் காட்டுகிறார்கள், நான் மூன்று பேருக்குப் பதிந்துவிட்டேன். திறப்பு விழா மாதிரி அலங்கரித்த மாலை நேரத்தைப் பார்ப்பதைவிட இதைப் பார்க்கவேணும். மணி அடித்துப் பிள்ளைகள் அறை மாறும்போது நடைபாதை எப்படி இருக்கிறது என்று மருமகன் தன் கண்ணால் பார்க்கட்டும். கடையில் லீவு சொல்லிவிட்டேன், ஒன்பதுக்கு வாசலில் நிற்பேன். சின்னவன் போன முறை இங்கே விட்டுவிட்டுப் போன கோட்டையும் கொண்டுவருகிறேன். உள்பையை இரட்டைத் தையலாய்ப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா